ஆறாம் தொட்டியின் வாடை

வேலையிடத்தில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "மூக்கு வந்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள். ஒயின் ஆலையில் ஒவ்வொரு தொட்டியும் பாட்டிலுக்குப் போகுமுன் முகர்ந்து, வாயில் வைத்துச் சுழற்றி, வாளியில் துப்பிவிட்டு, 'சரி' என்றோ 'வேண்டாம்' என்றோ சொல்வது அவள் வேலை. அந்த மூக்குக்காகவே பல வருடங்களாகப் பத்தியம் இருந்தாள். வேலை நாளில் பச்சை வெங்காயம் கிடையாது. மணமில்லாத சோப்புதான். கல்யாண வீட்டிலும் சென்ட் பூசியவர்களைக் கண்டால் இடம் மாறி உட்காருவாள். "உன்கூட வெளிய வர்றதுக்கு மோப்ப நாயைக் கூட்டிட்டுப் போகலாம்" என்பான் கணவன்.

அன்று ஆறாம் தொட்டியின் முறை. அதிலிருந்த ஒயினை ஏற்றிப்போக வாசலில் லாரி காத்திருந்தது. கோப்பையை மூக்கருகே கொண்டுபோனதும், ஒயின் கெட்டதைச் சொல்லும் நனைந்த அட்டைப்பெட்டி வாடை மெல்ல வந்து தொட்டது.

"வேண்டாம் சார்."

மேனேஜர் கோப்பையை வாங்கி ஒரு வாய் குடித்தார். "தேன் மாதிரி இருக்கு. இதுல என்னம்மா குத்தம்?"

"சீஸ் சாப்பிட்டுட்டு வந்திருக்கீங்க. அதுக்கு மேல எந்த ஒயினும் தேன்தான் சார். சாப்பிட்டுட்டு உள்ள வரக் கூடாதுன்னு போர்டு மாட்டினதே நீங்கதான்."

"ஒயின் வாங்க வந்தவங்களோட ரெண்டு துண்டு. அதுக்கு இவ்வளவு பேச்சா?" அவர் முகம் சிவந்தது. "ஏன்யா, நீ சொல்லு."

தொட்டியிலிருந்து ஒயின் பிடித்துத் தரும் பீப்பாய்க்காரர் கோப்பைக்குள் மூக்கை விட்டு உறிஞ்சினார். "எனக்கு ரெண்டு நாளா சளி சார். வினிகரைக் குடுத்தாலும் தண்ணின்னுதான் சொல்லுவேன்."

"போன வாரம் குடிதண்ணி நாறுதுன்னே. நேத்து தரை துடைக்கிற மருந்து. இன்னைக்கு ஒயினா?" என்றார் மேனேஜர்.

அவள் கோப்பையைத் திரும்ப வாங்கி முகர்ந்தாள். இரண்டு மாதமாக அவள் முழுகாமல் இருக்கிறாள். கணவனைத் தவிர யாருக்கும் தெரியாது. சில நாட்களாக வாடைகள் எல்லாம் அவள்மேல் பாய்ந்தன: பஸ் சீட், பக்கத்து வீட்டு அடுப்பு, கணவனின் சட்டைக் காலர். இந்த வாடை ஒயினில் இருக்கிறதா, தன் உடம்பில் இருக்கிறதா?

காய்ச்சல், சளி, கர்ப்பம் என்றால் ருசி பார்க்கும் மேஜையில் இடமில்லை என்பது அங்கே வழக்கம். அவளுக்கு முன்னால் இருந்தவள் அப்படித்தான் லேபிள் ஒட்டும் பிரிவுக்குப் போனாள்; திரும்பி வரவேயில்லை. அந்த நாற்காலிதான் இவளுக்குக் கிடைத்தது.

"மூணு கோப்பை வைங்க அண்ணே. ரெண்டுல நாலாம் தொட்டி, ஒண்ணுல ஆறு. நான் திரும்பி நிக்கிறேன். எது ஆறுன்னு சொல்றேன்."

பீப்பாய்க்காரர் ஒயின் பிடிக்கப் போன நேரத்தில் குமட்டல் தொண்டைவரை ஏறியது. கை தானாகப் பைக்குள் போயிற்று. எதையோ வாயில் போட்டு, மென்று, விழுங்கினாள். கோப்பைகள் வந்தன. முகர்ந்தாள், சுழற்றினாள், துப்பினாள். மூன்றும் ஒன்றுபோல் குளிர்ச்சியாக, வெறுமையாக இருந்தன. நடுக்கோப்பையைக் காட்டினாள்.

பீப்பாய்க்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "அது நாலு, தங்கச்சி."

"மனுஷ மூக்குதானே, விடும்மா. கையெழுத்துப் போடு." மேனேஜர் பேனாவை நீட்டினார்.

பேனாவை வாங்கினாள். நாக்கு கன்னத்தின் உட்புறத்தைத் தொட்டது. அங்கே இன்னும் அந்தக் குளிர்ச்சி. புதினா மிட்டாய்!

"சார், வாயில மிட்டாய் போட்டுட்டேன்."

"எனக்குச் சீஸ் பாடம் எடுத்துட்டு நீ மிட்டாயா? நல்லாயிருக்கே! எதுக்குப் போட்டே?"

தொண்டை கரகரப்பு என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், உடம்பு சரியில்லாதவளின் பேச்சை எவர் கேட்பார்? மேனேஜரின் நாக்கை நம்பி லாரி கிளம்பிவிடும்.

"மாசமா இருக்கேன் சார். குமட்டுதுன்னு போட்டேன். என் மூக்கு மங்கலை, கூர்மையாயிருக்கு. அரை மணி நேரம் குடுங்க."

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டினார். அவள் வாயைக் கொப்பளித்தாள், வெறும் ரொட்டியை மென்றாள், மறுபடி கொப்பளித்தாள். லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். குமட்டல் வந்தபோது மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

இந்த முறை கோப்பையை உதட்டுக்குக் கொண்டுபோகவே வேண்டியிருக்கவில்லை. "வலது கோடி." பீப்பாய்க்காரர் இடம் மாற்றி வைத்தார். "நடு." மறுபடி மாற்றினார். "மறுபடி நடு. ஏமாத்தாதீங்க அண்ணே."

"ஆறேதான் சார், ஒவ்வொரு தடவையும்" என்றார் அவர், தும்மலை அடக்கிக்கொண்டு.

மேனேஜர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சரி, தொட்டியை நிறுத்திடறேன். ஆனா நாளைலேர்ந்து நீ லேபிள் பக்கம் போம்மா. வழக்கம் உனக்கே தெரியும்."

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "அடுத்த வாரம் இன்னும் தொட்டிங்க வருது சார். அண்ணனுக்குச் சளி, உங்களுக்குச் சீஸ். அதை யார் பாப்பாங்கன்னு சொல்லிட்டு என்னை அனுப்புங்க."

மேனேஜர் வாசல் பக்கம் நடந்தார். முதலில் லாரியைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது.