கேட்டால் இல்லை என்றுவிடுவார்கள்

புதன்கிழமைக் காலைகளில் கல்லூரி நூலகத்தை உதவியாளரிடம் விட்டுவிட்டு, கண்டி வாவிக்கு மேலே இருக்கும் ஒரு சிறிய ஹோட்டலுக்குப் போவேன். என் மாணவி ஒருத்தி அங்கே வரவேற்பு மேசையில் பயிற்சி பெற்றுவந்தாள். தகவலைத் தேடவும் சரிபார்க்கவும் கற்றுக்கொடுப்பது என் பாடம். வகுப்பில் சொன்னால் குறிப்பெடுப்பார்கள். எதிரே ஒரு விருந்தாளி பையோடு நின்று கேட்கும்போதுதான் அது அவர்களுக்குத் தேவைப்படும்.

நான் கொடுத்தவை மூன்று கேள்விகள். யார் சொன்னது, எப்போது சொன்னது, அவருக்கு எப்படித் தெரியும். நாவலப்பிட்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்த அந்தப் பெண் இவற்றை இரக்கமில்லாமல் பயன்படுத்தினாள். பூங்கா இன்று பூட்டு என்று வாசலில் நிற்கும் திகன ஊர் த்ரீவீலர்காரர் சொன்னால் விடமாட்டாள். அண்ணன் என்ற பொருளில் எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம்.

"நீங்க போய் பாத்தீங்களா, நானா?"

"வார வழியில ஒராள் சொன்ன."

"அவரு எப்ப பாத்தாராம்?"

அவர் தலையில் கைவைத்துக்கொள்வார். "மிஸ், இந்தப் புள்ளைக்கி இனிப் படிச்சுக் குடுக்காதீங்க. நாளைக்கி இது த்ரீவீல்தானா எண்டு சாட்சி கேக்கும்."

அந்த வருட மழையில் ஏற்பட்ட மண்சரிவுக்குப் பிறகு நாவலப்பிட்டிக்கு ரயில் ஓடவில்லை. பஸ்ஸும் சுற்றிப் போனது. ஒரு நாள் விடுமுறையில் வீட்டுக்குப் போய்த் திரும்ப அவளால் முடியவில்லை. அம்மாவின் குரலைத் தொலைபேசியில் கேட்பதோடு சரி.

ஒரு புதன்கிழமை நான் போனபோது மேசைக்குப் பின்னால் பை கட்டி வைத்திருந்தாள். அதன்மேல் நூல் கட்டிய கேக் பெட்டி.

"நாளைக்கு லீவு மிஸ். ரயில் விட்டுட்டாங்க."

தொலைபேசியில் வந்த செய்தியைக் காட்டினாள். எழுதியவர் பெயரும் இல்லை, திகதியும் இல்லை.

"யார் சொன்னது?"

"எல்லாரும் சொல்றாங்க மிஸ்."

"ஸ்டேஷனுக்குக் கோல் எடுத்துக் கேட்டியா?"

அவள் பெட்டியின் நூலை இறுக்கினாள். "கேட்டா இல்லன்னுருவாங்க மிஸ்."

வாசலில் இருந்த நானா அன்று கேலி செய்யவில்லை. பிறகு அவளே ரிசீவரை எடுத்தாள். சிங்களத்தில் கேட்டாள், நன்றி சொல்லி வைத்தாள்.

"பழைய மெசேஜாம். ரயில் பாதை இன்னும் சரியாகலயாம்."

பையை மேசைக்கடியில் தள்ளிவிட்டு, படியேறி வந்த குடும்பத்துக்கு எழுந்து வணக்கம் சொன்னாள். கேக் பெட்டியை நானா பஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய், நாவலப்பிட்டி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினார்.

அவள் இப்போது வெளிநாட்டு ஹோட்டலொன்றில் இருக்கிறாள். வேலைத்தள வகுப்புகளை நிறுத்திவிட்டார்கள். கணினி அறையில் அதே மூன்று கேள்விகளைத் திரையில் காட்டுகிறேன். மாணவர்கள் சரியான விடையை அழுத்துகிறார்கள். அந்தப் படிகளும், வாசல் வாளியில் நனைந்த குடைகளும், நான் பேசிக்கொண்டிருக்கும்போதே இடையில் அடிக்கும் தொலைபேசியும் எனக்கு வேண்டியிருக்கின்றன.

போன வாரம் கேன்டீனில் கிளார்க் ஒருவர் சொன்னார்: "அடுத்த தவணையில வெளி வகுப்பு திரும்பத் தொடங்கப் போறாங்களாம் மிஸ்."

யார் சொன்னது என்ற கேள்வி வாய்வரை வந்தது. கேட்கவில்லை. அதைத் தீர்மானிக்கும் அதிகாரியின் அறை நூலகத்துக்கு நேர்மேலே இருக்கிறது. இன்று புதன்கிழமை, அவர் கதிரையை இழுக்கும் சத்தம் கேட்கிறது; நான் மேலே போய்க் கேட்கவில்லை.

என் குடையின் உடைந்த கம்பியை மாற்றக் கொடுத்திருக்கிறேன்.