ஐந்தாவது அட்மிஷன்

உமாபதி பயந்தவர். குறையாகச் சொல்லவில்லை. அதே கல்லூரியில் நான் வணிகவியல் நடத்துகிறேன், எனக்கும் பயம்தான். நான் சத்தமாகப் பேசி அதை மறைத்துவிடுவேன், அவருக்கு மறைக்கத் தெரியாது. கல்லூரியின் பெயர் வேண்டாம். எனக்கு இன்னும் அங்கே வேலை இருக்கிறது.

பிள்ளையார்பாளையத்தில் பட்டுத்தறி போடும் குடும்பத்தின் முதல் பட்டதாரி அவர். கணக்கில் எம்.எஸ்சி., எம்.ஃபில்., அப்புறம் டாக்டர் பட்டம். பதினெட்டு வருடமாகப் பாடம் எடுக்கிறார். வகுப்பில் புலி. கல்லூரியை நடத்தும் மேனேஜரின் அறை வாசலுக்கு வந்தால் மட்டும் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே நிற்பார்.

மே மாதம் வந்தால் எங்களுக்கு வேறு வேலை. ஊர் ஊராகப் போய் மாணவர் சேர்க்கவேண்டும். சர்க்குலரில் அதற்குப் பெயர் கேன்வாசிங். எங்களுக்குள் பிள்ளை பிடிக்கப் போவது என்போம். ஆளுக்கு ஐந்து பேர். ஐந்து தேறாவிட்டால் ஜூன் மாத டைம்டேபிளில் நம் பெயர் இருக்காது. வேலையை விட்டுப் போ என்று யாரும் வாய் திறந்து சொல்லமாட்டார்கள். பெயர் இருக்காது, அவ்வளவுதான்.

வாய் வார்த்தையை நம்பாதே, ஒரிஜினலைக் கையில் வாங்கு என்பார் மேனேஜர். மார்க் ஷீட்டும் டி.சி.யும் எங்கள் பீரோவுக்குள் வந்துவிட்டால் பிள்ளை வேறெங்கும் ஓடமுடியாது.

இந்த வருடம் கடைசித் தேதி ஒரு ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை காலைவரை உமாபதிக்கு நாலு பேர்தான். நான் என் மனைவியின் சொந்தத்தில் எல்லோரையும் கெஞ்சி ஐந்தை முடித்திருந்தேன். என் வண்டியில் அவரை ஏற்றிக்கொண்டு முசரவாக்கம் போனேன். அங்கே வீரபத்திரன் என்று ஒரு ஷேர் ஆட்டோக்காரர். அவர் மகள் ஜீவிதா பிளஸ் டூ கணக்கில் நல்ல மார்க்.

உமாபதி அந்த வீட்டில் பேசியது பொய் இல்லை. "எங்க வீட்ல பேங்குக்குப் போனா ஃபாரம் ரொப்ப ஆள் தேடுவோம்மா. நான் காலேஜ் போன அப்பறம்தான் அது நின்னுச்சு. படிச்சவள எவனும் உக்கார வெச்சு ஏமாத்த முடியாது" என்றார். அந்தப் பெண் கண்கொட்டாமல் கேட்டாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு பிளாஸ்டிக் உறையோடு மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

திரும்பி வரும்போது ஏனாத்தூர் தாண்டியதும் பின்னால் உட்கார்ந்திருந்தவர் என் தோளைத் தட்டினார். "அந்தப் பொண்ணு என்னை அப்படியே நம்புது சார். பயமா இருக்குது" என்றார். ஐந்து முடிந்ததே, வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள் என்றேன். அன்று மாலையே ஒரிஜினல்களை ஆபீசில் ஒப்படைத்தார்.

மறுநாள் காலை உமாபதிக்கு வீரபத்திரனிடமிருந்து போன். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் செல்போன் கம்பெனியில் ஜீவிதாவை எடுத்துவிட்டார்களாம். எழுதிப்போட்டு ஒரு மாதமாகியும் தகவல் இல்லாததால் மறந்தே போயிருந்தார்களாம். திங்கட்கிழமை கம்பெனி பஸ் வந்துவிடும், ஒரிஜினல் காட்டாவிட்டால் அந்த இடம் அடுத்த பெண்ணுக்கு. அவளுக்காக அங்கே சொல்லிவைத்தது பக்கத்து வீட்டு இளவரசி.

இளவரசி உமாபதியின் பழைய மாணவி. எங்கள் கல்லூரியில் மூன்று வருடமும் கணக்கில் முதல் மார்க் வாங்கியவள். இப்போது அதே கம்பெனியில், பிளஸ் டூ முடித்த பெண்களோடு ஒரே வரிசையில் நின்று ஸ்க்ரூ முடுக்குகிறாள்.

"ஒரிஜினலத் திருப்பி வாங்கணும், கூட வரீங்களா சார்?" என்று என்னைக் கேட்டார். போனேன். ஆனால் மேனேஜர் அறைக்குள் போகவில்லை. கதவோரம், அவர் கண்ணில் படாத இடமாகப் பார்த்து நின்றுகொண்டேன். வெட்கமாகத்தான் இருந்தது.

மேனேஜர் கோபப்படவே இல்லை. பீரோவைத் திறந்தார். மேல்தட்டில் பிள்ளைகளின் ஒரிஜினல்கள். கீழ்த்தட்டில் எங்களுடையவை. வேலைக்குச் சேர்ந்த அன்று நாங்களும் இப்படித்தான் கொடுத்தோம். உமாபதியின் டாக்டர் பட்டம் அங்கேதான் கிடக்கிறது.

"தாராளமா எடுத்துக்குனு போங்க. அப்ப உங்களுக்கு நாலுதான். டைம்டேபிள் நாளைக்குப் போடறோம், தெரியுமில்ல?" என்றார்.

உமாபதி சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். வேண்டாம் சார் என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். சொல்லிவிடய்யா என்றுகூட மனசுக்குள் சொன்னேன். அவர் வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

"குடுங்க சார்" என்றார். கையெழுத்துப் போடும்போது பேனாவைக் கீழே போட்டார். குனிந்து எடுத்துக் கையெழுத்தை முடித்தார்.

கேட்டுக்கு வெளியே ஷேர் ஆட்டோ நின்றது. ஜீவிதா உறையைப் பிரித்து எல்லாம் இருக்கிறதா என்று பார்த்தாள். ஆட்டோவில் ஏறவில்லை.

"சார், ஒண்ணு கேக்கட்டுமா? அப்பா கம்பெனிக்குப் போன்னுது. எனக்குப் படிக்கணும்னு ஆசையா இருக்குது. நீங்க சொன்னா இன்னிக்கே திருப்பிக் குடுத்துடறேன். மூணு வருஷம் படிச்சா என்ன சார் கிடைக்கும்?"

மேனேஜர் எதிரில் உமாபதியிடம் பார்த்த பயம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இப்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது. படிம்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஐந்தும் தேறும், பெயரும் இருக்கும். அவள் உறையை நீட்டியபடியே நின்றாள். உமாபதி அதை வாங்கவில்லை.

"அந்தக் கம்பெனில எந்த வயசு வரைக்கும் எடுக்கறாங்கம்மா?" என்று கேட்டார்.

"இருபத்தெட்டு சார். ஏன் சார், யாருக்கு?"

"எனக்குத்தாம்மா."