சித்தியின் லீக்

சித்தி பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு ஒரே தங்கை. பெற்றவர்கள் இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டதால் ஆம்பூரில் எங்கள் வீடுதான் சித்திக்குத் தாய்வீடு. கல்யாணத்துக்கு முன் ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்தவள். பகலெல்லாம் தோல் தைத்துவிட்டு வந்தும், சாயங்காலம் என் இரண்டு கையையும் பிடித்துத் தட்டாமாலை சுற்றுவாள். கலவை என்கிற ஊரில் வாழ்க்கைப்பட்டுப் போன பிறகு எனக்கு அந்தச் சுற்றல் இல்லாமல் போயிற்று. ஆகவே சித்தி வயிற்றோடு வந்து இறங்கியதில் வீட்டிலேயே எனக்குத்தான் அதிக லாபம் என்று நினைத்துக்கொண்டேன்.

பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம்தான். ஆனால் வீட்டுக்கு வந்த சில நாட்களில், குழந்தைத் துணிகளை உலர்த்த மாடிக்குப் போன சித்தி பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஓடி வந்தவள்போல மூச்சு வாங்கினாள். பிள்ளை பெற்ற உடம்பு, ரத்தம் கம்மியாக இருக்கும் என்று அம்மா முருங்கைக்கீரையாகச் சமைத்துப் போட்டாள். மூச்சு வாங்குவது நிற்கவில்லை. எங்கள் தெருக்கோடி டாக்டரம்மா சித்தியின் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டுவிட்டு, வேலூருக்குப் போய் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்து வரச் சொன்னார்.

என்னை விட்டுவிட்டுப் போக வீட்டில் ஆள் இல்லாததால் நானும் போனேன். வேலூர் டாக்டர் சின்ன வயதுப் பெண். நிதானமாகச் சொன்னார். இதயத்துக்குள் கதவுகள் மாதிரி சில உண்டாம். அதில் ஒரு கதவு சரியாக மூடாததால் கொஞ்சம் ரத்தம் வந்த வழியே திரும்பிப் போகிறதாம்.

"லீக்குன்னு சொல்வோம். உங்களுக்குக் கொஞ்சம்தான் இருக்கு, பயப்பட ஒண்ணுமில்ல. பாப்பாவுக்கு நல்லா பால் குடுங்க. ஆறு மாசம் கழிச்சு வந்து காட்டுங்க. அடுத்த குழந்தைன்னா மட்டும் முன்கூட்டியே எங்கள கேட்டுக்கங்க."

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா வெள்ளரிப்பிஞ்சு வாங்கி எல்லாருக்கும் கொடுத்தாள். அவ்வளவு நிம்மதி அவளுக்கு. எனக்குத்தான் நிம்மதி இல்லை. லீக் என்றால் எனக்குத் தெரியும். எங்கள் குளியலறைக் குழாய் இரவு பகலாக லீக்தான். சித்தியின் புடவை எங்கேயாவது நனைந்திருக்கிறதா என்று ஆம்பூர் வரைக்கும் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அன்றைக்கே அப்பா கலவைக்குப் போன் செய்து விவரம் சொன்னார். வேலூரில் எங்களோடு பஸ் ஏறிய 'கொஞ்சம்' என்கிற சொல் ஆம்பூர் வரைக்கும்தான் வந்தது. கலவைக்குப் போய்ச் சேர்ந்தது 'லீக்' மட்டும்.

அந்த வாரமே சித்தப்பாவும் அவருடைய அம்மாவும் கார் வைத்துக்கொண்டு வந்தார்கள். சித்தியின் மாமியார் கெட்டவர் அல்ல. வந்ததும் சித்தியின் தலையைத் தடவி அழுதார். அவருடைய கூடப்பிறந்த தங்கை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டிலேயே விழுந்து செத்தவராம். அதைச் சொல்லிச் சொல்லி அழுதார். பிறகு பையிலிருந்து ஒரு பால்பவுடர் டப்பாவையும் புது பாட்டிலையும் எடுத்து வெளியே வைத்தார்.

"புள்ள உறிஞ்ச உறிஞ்ச உனுக்கு நெஞ்சு வீக்காயிடும்மா. அந்தப் பாலு புள்ளைக்கும் ஆவாது. நான் தூக்கிட்டுப் போயி வளக்கறேன். நீ இங்கயே இருந்து உடம்பத் தேத்திக்கினு வா."

பால் கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்னதை அம்மா திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். டாக்டர் ஆயிரம் சொல்வார், நாளைக்கு ஒன்று ஆனால் அவரா வந்து நிற்பார் என்று மாமியார் கேட்டார். அம்மா சமையலறைக்குள் போய் அப்பாவை அழைத்தாள். நாம் பெண் வீட்டுக்காரர்கள், பேச்சை வளர்க்க வேண்டாம் என்று அப்பா மெல்லிய குரலில் சொன்னது எனக்குக் கேட்டது.

சித்தி, சித்தப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க சொல்லுங்க," என்றாள்.

சித்தப்பா கைக்குட்டையைக் கைக்குக் கை மாற்றினார். "மூணு மாசந்தானே. அம்மா பயப்படறாங்க இல்ல," என்றார்.

சித்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கடைசியாக ஒரு தடவை பால் கொடுத்தாள். நெடுநேரம் ஆயிற்று. வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார். தூங்கிவிட்ட குழந்தையை மாமியார் கையில் கொடுத்தபோது சித்தி அழவில்லை. கழுத்து வேர்க்கும், பவுடர் போடாதீர்கள் என்று மட்டும் சொன்னாள். எனக்குச் சித்தப்பா பெரிய சாக்லேட் ஒன்று கொடுத்திருந்தார். நான் கார் மறையும் வரை டாட்டா காட்டினேன்.

மறுநாள் காலை சித்தி கொல்லைப்புறத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். காயப்போட்டதெல்லாம் குழந்தை விட்டுப்போன துணிகள். பக்கத்து வீட்டு உருதுக்கார அம்மாளின் மகளும் அப்போது கைக்குழந்தையோடு தாய்வீடு வந்திருந்தாள். அந்தக் குழந்தை பசித்து வீறிட்டு அழுதது. சித்தி கையிலிருந்த துணியோடு அப்படியே நின்றாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவளுடைய நைட்டி நெஞ்சுப்பக்கம் இரண்டு இடத்தில் நனைந்தது. ஈரம் பெரிதாகிக்கொண்டே வந்தது.

நான் சமையலறைக்கு ஓடினேன். "அம்மா, சித்திக்கு லீக் ஆவுதும்மா."

கரண்டியோடு ஓடி வந்த அம்மா சித்தியைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள். அப்போதுதான் சித்தி அழுதாள். பக்கத்து வீட்டுக் குழந்தை அழுகையை நிறுத்திய பிறகும் அழுதாள்.

குழந்தை குடித்தால் பால் வரும் என்பது எனக்குத் தெரியும். குடிக்க யாரும் இல்லாதபோதும் வரும் என்பது தெரியாது. அம்மா டம்ளரில் எதையோ கொண்டுவந்து, கால் படாத இடமாகப் பார்த்துக் கறிவேப்பிலைச் செடியடியில் ஊற்றியதை இரண்டு மூன்று நாள் கண்டேன். இதயத்தில் லீக் ஆவது வெள்ளையாகத்தான் இருக்கும்போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். இதற்குள் சித்திக்குப் பால் கட்டிக்கொண்டு காய்ச்சலே வந்துவிட்டது. அம்மா பூக்காரியிடம் முழம் முழமாக மல்லிகை வாங்கினாள். எனக்கு ஒரு கண்ணி கேட்டதற்குத் தரவில்லை. அவ்வளவு பூவையும் சித்தியின் மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினாள். பால் வற்றுவதற்கு அதுதான் வைத்தியமாம். வலி தாங்காமல் சித்தி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். அறையெல்லாம் கல்யாண வீடு மாதிரி மணக்கும். ஒரு வாரத்தில் நைட்டி நனைவது நின்றது.

மூன்று மாதம் என்றார்கள், ஐந்து மாதம் ஆயிற்று. சித்தி கலவைக்குப் போனபோது குழந்தை அவளிடம் வரவில்லை, பாட்டியின் தோளைப் பற்றிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அடுத்த குழந்தைக்கு டாக்டர் தடை சொல்லவில்லை, ஆனால் அந்த வீட்டில் யாரும் சம்மதிக்கவில்லை. இன்றைக்கும் சித்தி நன்றாகத்தான் இருக்கிறாள். ராணிப்பேட்டையில் மறுபடி ஷூ கம்பெனிக்குப் போகிறாள். வருடா வருடம் எக்கோ எடுக்கிறாள். அந்தக் கதவு அன்றைக்கு இருந்த மாதிரியேதான் இருக்கிறதாம். மகள் காட்பாடியில் படிக்கிறாள். பாட்டியை அம்மா என்றும் சித்தியை மம்மி என்றும் கூப்பிடுகிறாள்.

இவையெல்லாம் பின்னால் நடந்தவை. மல்லிகைப்பூ வைத்துக் கட்டி முடித்த அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு அவற்றில் ஒன்றும் தெரியாது. அன்று சர்ச்சுக்குச் சித்தியும் வந்திருந்தாள். எக்கோ எடுத்த நாளிலிருந்தே அவளுக்காகச் சபையில் எல்லாரும் ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம் வந்தது. நன்மை பெற்றவர்கள் எழுந்து சொல்லலாம் என்று போதகர் கூப்பிட்டார். பெரியவர்கள் இரண்டு பேர் சொல்லி முடித்ததும், அம்மா கையை நீட்டித் தடுப்பதற்குள் நான் எழுந்து நின்றேன்.

"எங்க சித்திக்கு லீக் நின்னுபோச்சு. இயேசப்பாவுக்கு ஸ்தோத்திரம்."

சபை முழுவதும் ஒரே குரலில் ஸ்தோத்திரம் சொன்னது. முன்வரிசைப் பெண்கள் திரும்பிச் சித்தியைப் பார்த்துச் சிரித்தார்கள். போதகர் இரண்டு கையையும் உயர்த்தினார். நான் பெருமையோடு உட்கார்ந்தேன். சித்தி என் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். பக்கத்தில் அம்மா முகத்தைக் கைகளில் புதைத்திருந்தாள். ஜெபம் பண்ணுகிறாள் என்று நினைத்து, நானும் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். நான் எது நின்றுபோனதற்காக ஸ்தோத்திரம் சொன்னேன் என்பது அந்தக் கோயிலில் அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.