திரியாய்த் தொட்டியில் என் தங்கையின் ஞானஸ்நானம்

மண்ணெண்ணெய் கிடைக்காமல் எங்கள் ஊர் சல்லிக் கரையில் படகுகள் எல்லாம் கவிழ்த்தபடி கிடந்தனவே, அதற்கு அடுத்த வருடம். மாரி ஓய்ந்து கடல் படுத்திருந்த ஒரு சனிக்கிழமை. காலை ஏழு மணிக்கு நான் திரியாய்க்குப் புறப்பட்டேன். கையில் ஒரு பிளாஸ்ரிக் கான். அதில் பாதிக்குச் சல்லிக் கடல் தண்ணீர்.

தண்ணீர் எதற்கு என்று சொல்ல வேண்டும். திரியாயில் என் தங்கை செல்லம் படுத்த படுக்கையாக இருந்தாள். இடம்பெயர்ந்து முகாமில் இருந்த நாட்களிலேயே ஆண்டவரை ஏற்றுக்கொண்டவள். ஆனால் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. அவள் புருஷன் அம்மன் கோயில் ஆள். "சபைக்குப் போ, மறிக்கமாட்டன். நான் உயிரோட இருக்கும் மட்டும் தண்ணியில இறங்காதை" என்று சொல்லியிருந்தார். நல்ல மனுசன். அவள் அந்தச் சொல்லை மீறவில்லை. முந்தின வருடம் அவர் காலமானார். இனி இறங்கலாம் என்றபோது இவளுக்கு நெஞ்சில் நீர் கட்டிவிட்டது. முழுகாமல் செத்தால் ஆண்டவர் சேர்ப்பாரோ என்ற பயத்தில் அவளுக்கு நித்திரை இல்லை.

நான் முழுகியது சல்லிக் கடலில். அவள் முழுகும் தண்ணீரில் அதைக் கலந்தால் பலன் கூட என்று நினைத்தேன். கோயில் தீர்த்தம் ஏந்தி வளர்ந்த கை. சபைக்குப் போய் இருபது வருடமாகியும் பழக்கம் விடவில்லை.

எட்டேகாலுக்குப் புல்மோட்டை பஸ் வந்தது. கொண்டக்ரர் கானைத் திறந்து மணந்து பார்த்தான்.

"என்ன அப்பு, கள்ளோ?"

"இல்லை மோனை, கடல் தண்ணி. திரியாய்க்குக் கொண்டு போறன்."

"அங்கயும் கடல் கிடக்குத்தானே! வத்திப் போச்சாமோ?"

பஸ் முழுக்கச் சிரித்தது. டிக்கெற் நூற்றெண்பது ரூபாய். கானுக்குக் காசு எடுக்கவில்லை.

நிலாவெளியில், செல்லத்தைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்த எங்கள் போதகர் ஏறினார். நாற்பது வயது, அதிகம் பேசமாட்டார். இறக்கக்கண்டிப் பாலம் தாண்டும்போது கானைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"ஐயா, தண்ணியில ஒண்டுமில்லை. கிணத்துத் தண்ணியும் காணும், அதுவே போதும். விசுவாசம்தான் இரட்சிக்கும். ஞானஸ்நானம் அதுக்குச் சாட்சி."

"அப்ப முழுகாட்டியும் போகலாமோ?"

"ஆண்டவருக்குப் பக்கத்தில சிலுவையில தொங்கின கள்வன் முழுகினவனோ? அண்டைக்கே பரதீசுக்குப் போனவன்."

எனக்குப் பெரிய ஆறுதல். இதைக் கேட்டால் செல்லம் நித்திரை கொள்வாள் என்று நினைத்தேன்.

ஒன்பதரைக்குத் திரியாய்ச் சந்தி. அவள் மகன் ரவி லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் பெட்டி பூட்டிக்கொண்டு நின்றான், நெற்றியில் திருநீறு. வீட்டுக்குப் போனதும் கானை வளவுத் தென்னைக்கு ஊற்றிவிட்டேன். உப்பு அதற்கு நல்லது.

செல்லம் தலையணைகளில் சாய்ந்திருந்தாள். போதகர் கள்வனைப் பற்றிச் சொன்னார். பொறுமையாகக் கேட்டாள்.

"பாஸ்ரர், அந்தக் கள்வனுக்குக் கையிலயும் காலிலயும் ஆணி. எனக்கு ஆணி இல்லையே. பிடிச்சுக் கொண்டு போனா கிணத்தடிக்கு வர ஏலும்."

போதகர் எழும்பிச் சட்டைக் கையை மடித்தார்.

"ஈரம் படக்கூடாது எண்டு டொக்டர் சொன்னவரம்மா," என்றான் ரவி.

"நீ எனக்கு நெருப்பு வைக்க முன்னம் ஒருக்காலாவது நான் நினைச்சதைச் செய்ய விடு மோனை."

ரவி சாரத்தை இறுக்கிக் கட்டினான். பிறகு, "பாஸ்ரர், நான் கோயிலுக்குப் போறவன். நான் தூக்கலாமோ?" என்றான்.

"நீங்கள்தான் தூக்க வேணும் தம்பி."

நடுப்பகல் பன்னிரண்டு மணி. கிணற்றடித் தொட்டியில் காலையில் நிறைத்த தண்ணீர் வெயிலில் இளஞ்சூடாகக் கிடந்தது. ரவி தாயைத் தூக்கிக்கொண்டு உடுத்த சாரத்தோடு உள்ளே இறங்கினான். தண்ணீர் இடுப்புக்கு வர அவளுக்கு மூச்சு இழுத்தது. நெஞ்சுக்கு வரக் கண் செருகியது. எங்கள் சபையில் தலை முழுதும் தாழாவிட்டால் அது ஞானஸ்நானம் இல்லை. போதகர் அவள் தலையில் கை வைத்தார், தாழ்த்தவில்லை.

"காணும்," என்றார். கையால் அள்ளி மூன்று தரம் தலையில் ஊற்றினார். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று ஒவ்வொரு தரத்துக்கும் ஒவ்வொரு பெயர் சொன்னார்.

கதிரையில் இருத்தித் துடைத்தோம். மூச்சு வந்ததும் கேட்டாள்:

"தலை தாழேல்லையே, பாஸ்ரர்?"

"தாழேல்லை அம்மா."

"அப்ப?"

"நீங்கள் வந்தனீங்கள். அதை ஆண்டவர் பாத்தவர். நிப்பாட்டினது நான். கேள்வி இருந்தா என்னட்டக் கேக்கட்டும்."

அவள் ஈரத் தலையைத் தடவிப் பார்த்தாள். "அப்ப சரி," என்றாள். "தேத்தண்ணி தாங்கோ. அரைக் கோப்பை போதும்." குடித்து முடிக்கும் முன்பே நித்திரையாகிவிட்டாள்.

மூன்றரை பஸ்ஸில் திரும்பும்போது நான் முழுகிய நாளை நினைத்தேன். காது, மூக்கு எல்லாம் கடலுக்குள் போய்த்தான் எழும்பினேன். அந்தக் கிழமையே கள்ளுத் தவறணையிலும் இருந்தேன். எங்கள் இரண்டு பேரில் சரியாக நனைந்தது யார் என்று கேட்டால், திரியாய்ப் பக்கம்தான் கையைக் காட்டுவேன். பதினொரு நாள் கழித்துச் செல்லம் நித்திரையிலேயே போனாள்.

வாசிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நிலாவெளியிலோ தோப்பூரிலோ, ஏதாவது ஒரு வீட்டில், தண்ணீருக்குப் போக ஏலாமல் ஒருவர் பயந்துகொண்டு படுத்திருப்பார். போகிற வழியில் அந்த வீட்டுக்குள் ஏறி, ஆண்டவர் பார்த்தவர் என்று தொட்டியடியில் போதகர் சொன்னதைச் சொல்லிவிடுங்கள். எழும்பி நடக்கக்கூடியவர் என்றால் ஒன்றும் சொல்ல வேண்டாம். கையைப் பிடித்துத் தண்ணீருக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.