பேர் கூப்பிட்டால் போகிற ஊர்

நம் ஊரில் ஒருவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் வருவான். இங்கே போவான். கடல் கடந்து வந்து, பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் நான் கண்ட முதல் விசித்திரம் இதுதான். விடியுமுன் தப்பு அடிப்பார்கள். வரிசை வீடுகளான லயங்களிலிருந்து சனம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பெரட்டுக் களத்தில் வந்து நிற்கும். கணக்கப்பிள்ளை பேர் வாசிப்பார். பேர் விழுந்தவர், "எந்த மலைக்குங்க?" என்று கேட்பார். தேயிலை நிலத்தின் துண்டு ஒவ்வொன்றையும் இங்கே மலை என்பார்கள். மலைக்கு ஒரு நம்பர் உண்டு. கணக்கப்பிள்ளை நம்பரைச் சொன்னதும் ஆள் பனிக்குள் மறைந்துவிடுவார். வாசித்து முடிக்கும்போது எதிரே ஒருவரும் இருக்கமாட்டார்கள். முசிறிப் பள்ளிக்கூடத்தில் "உள்ளேன் ஐயா" சொல்லி வளர்ந்த எனக்கு முதல் வாரம் இது மரியாதைக் குறைவாகப் பட்டது. பிறகு இருபத்தாறு வருஷம் நானே வாசித்தேன்.

ஓய்வு பெற்றபோது தோட்டத்துத் துரை ஒரு கைத்தடியும் நற்சாட்சிக் கடிதமும் கொடுத்தார். கடிதத்தை எழுதியது நான்; கையெழுத்து மட்டும் அவருடையது. ஊரிலிருந்து தம்பி, எனக்கென்று ஓர் அறை கட்டிவிட்டதாகவும் உடனே புறப்பட்டு வரும்படியும் எழுதினான். நான் புறப்படவில்லை. வேலையில் இருந்த காலமெல்லாம் தோட்டத்து மனிதர்களின் பெருவிரலைப் பிடித்து மையில் அமுக்கிக் காகிதத்தில் பதித்திருக்கிறேன். அவர்களுக்கு வாசிக்கத் தெரியாத காகிதம் அது. சாட்சி என்று கீழே என் கையெழுத்து இருக்கும். வேலை ஓய்ந்த பிறகு அந்த விரல்கள் நினைவுக்கு வந்தன. ஆகவே பழைய உரக் கொட்டிலைக் கேட்டு வாங்கி, நாற்பது பிள்ளைகளை உட்காரவைத்தேன். துரை ஒரு வருஷம் தவணை சொன்னார். அதற்குள் நான் சர்ட்டிபிகேட் பெற்ற வாத்தியாரானால் பள்ளிக்கூடம் நிலைக்கும். இல்லையென்றால் கொட்டில் உரத்துக்கு, பிள்ளைகள் புல்வெட்டுக்கு.

என்னைப்போல் காலம் கடந்து படிக்க நினைப்பவர் யாராவது இதைப் படித்தால், நடைமுறையைச் சொல்லிவைக்கிறேன். விண்ணப்பம் மூன்று பிரதி. நன்னடத்தைக்கு இருவர் சாட்சி. அவர்களின் நடத்தையை யாரும் விசாரிப்பதில்லை. வயதுக்கு அத்தாட்சி வேண்டும். எனக்கு ஏது அத்தாட்சி? கப்பலில் வந்து இறங்கியவர்களின் பல்லையும் முகத்தையும் பார்த்து வயது எழுதியவன் நான். இப்போது பதுளை டாக்டர் என் பல்லையும் முகத்தையும் பார்த்து வயது எழுதினார். மூன்று வருஷம் கூட்டிவிட்டார். நான் எத்தனை பேருக்குக் கூட்டினேனோ தெரியாததால் சும்மா இருந்தேன்.

பயிற்சி வகுப்பு பதுளையில், வெள்ளியும் சனியும். வியாழக்கிழமை பிள்ளைகளை அனுப்பிவிட்டு மாட்டுவண்டியில் புறப்பட்டு, கடைத்தெருவில் காசிம் நானாவின் துணிக்கடைக்குப் பின்னால் இருந்த அறையில் தங்குவேன். புத்தகமும் கையுமாக என்னைப் பார்த்தால் நானா சும்மா விடமாட்டார்.

"என்ன கணக்கப்பிள்ளை, இன்னைக்கு வாத்தியார்ட அடி வாங்கினீங்களா?"

"இன்னும் இல்லை, நானா."

"அப்ப ஒழுங்காப் படிக்கிறீங்க. எங்கட மகனுக்கும் கொஞ்சம் சொல்லுங்க."

வகுப்பாசிரியர் நல்லதம்பி மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். எனக்கு மகன் வயது. பேர் வாசிக்காமல் முகம் பார்த்தே வருகையைப் பதிவார். மனோதத்துவத்தை மனப்பாடமாகச் சொல்வார். அதைக் கேட்டு நான் குறித்துக்கொள்வேன். ஒருநாள் என் முழங்கால் மக்கர் செய்ததால் மணி அடித்த பிறகே போய்ச் சேர்ந்தேன்.

"ஐயா, நீங்கள் பிந்திப்போனியள். வரவில்லை எண்டுதான் பதிய வேணும்."

"அரைப் பேராவது போடுங்க, தம்பி."

தோட்டத்தில் பெரட்டுக்குப் பிந்தியவருக்கு அரை நாள் வேலையைத்தான் பதிவார்கள். அதற்கு அரைப் பேர் என்று பெயர். வகுப்பில் இருந்த ஒரே மலைநாட்டுப் பையன் சிரித்துவிட்டான். மாஸ்டருக்கு விளங்கவில்லை.

"அரை மனிசரைப் பதிய இதிலே இடமில்லை, ஐயா" என்று மெத்தப் பணிவாகச் சொன்னார்.

போகும் வழியில் வயலோரம் ஒரு சிங்களப் பெரியவர் அடிக்கடி எதிர்ப்படுவார். "கொஹேத யன்னே?", எங்கே போகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டார். பள்ளிக்கூடத்துக்கு, படிக்க, என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவர் என் நரைத்த மீசையைப் பார்த்து, பாவம், பாஷை தெரியவில்லை என்று முடிவு செய்து, படிக்க அல்ல, படிப்பிக்க என்று திருத்தினார். நான் மறுத்தேன். மறுபடியும் பொறுமையாகத் திருத்தினார். அன்றுமுதல் கண்ட இடத்தில் எல்லாம் "குருன்னான்சே" என்று கும்பிட்டார். அரசாங்கம் ஒப்புக்கொள்ளுமுன் என்னை வாத்தியாராக ஒப்புக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.

வருஷக் கடைசியில் நான் பாடம் நடத்துவதைப் பார்க்க இன்ஸ்பெக்டர் துரை கொட்டிலுக்கே வந்தார். உடன் நல்லதம்பி மாஸ்டர். இந்த ஒரு மணி நேரத்தில்தான் எல்லாம் தீரும். கூட்டல் பாடத்துக்குக் குறிப்பு எழுதி, புளியங்கொட்டை எண்ணி வைத்திருந்தேன். முதல் நடைமுறை, இடாப்பு என்கிற வருகைப் பதிவை வாசிப்பது. வழக்கமாகப் பிள்ளைகளை முகம் பார்த்தே குறித்துக்கொள்வேன்; வாசிப்பதில்லை. அன்று இன்ஸ்பெக்டருக்காக நிமிர்ந்து நின்று, தொண்டையைத் திறந்து, "அங்கம்மா" என்றேன். என்னை அறியாமலே பழைய பெரட்டுக் குரல் வந்துவிட்டது.

அங்கம்மா எழுந்தாள். "எந்த மலைக்குங்க?"

இருபத்தாறு வருஷத்து நாக்கு. நான் நினைக்குமுன் அது சொல்லிவிட்டது: "ஏழாம் நம்பர்."

அவள் போய்விட்டாள். அடுத்த பேரை என் வாய் வாசித்தது, அவனும் போனான். நிறுத்தவேண்டும் என்று தெரிகிறது, நிறுத்த முடியவில்லை. கங்காணி மகன் பெருமாள் கடைசி ஆளாகப் போகும்போது, "ஐயா, கவ்வாத்துக் கத்தி எடுத்துக்கிறதுங்களா?" என்று செடி வெட்டுகிற கத்தியை வேறு கேட்டான். இடாப்பை மூடிப் பார்த்தேன். கொட்டிலில் புளியங்கொட்டையும் இன்ஸ்பெக்டரும் மிச்சம்.

மாஸ்டர் முகம் வெளுத்து, "ஐயா, என்ன செய்யிறியள்?" என்றார்.

எனக்குத் தெரிந்த வேறு நடைமுறை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சாயங்காலம் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கணக்கப்பிள்ளை குரல் கொடுத்தால், மலையில் இருப்பவர்கள் வரிசையாக வருவார்கள். கதவடிக்குப் போய், "கொழுந்து நிறுக்கிறது!" என்று கத்தினேன்.

வந்தார்கள். பாதி வழியிலிருந்து திரும்பி, வரிசை குலையாமல் வந்தார்கள். மடுவத்துக்கு வெறுங்கையோடு வரக்கூடாது என்பது அவர்களுக்குத் தெரியும். ஆளுக்கொரு கொழுந்து கையில் இருந்தது. புளியங்கொட்டையை ஒதுக்கிவிட்டு அவர்களை உட்காரவைத்தேன்.

"ஒரு கொழுந்துல என்ன இருக்கு?"

"ரெண்டு இலை, ஒரு குருத்துங்க."

"மூணு பேர் கையில?"

பெருமாள்தான் எழுந்தான். "ஒம்பதுங்க. கூடைக்கு ரெண்டு கழிச்சா ஏழு."

மற்றப் பிள்ளைகள் தலையை ஆட்டின. கூடைக்கென்று நிறையில் கழித்தே எழுதியவன் நான். கூடையின் பாரத்தைவிட அதிகமாகக் கழித்த நாட்களும் உண்டு. அவர்களின் தாய்மார் தராசைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள், கூடையை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள்.

"இங்க கூடை இல்லைடா" என்றேன். "இங்க கழிக்கமாட்டோம். பறிச்சது பூராவும் உனக்குத்தான்."

"அப்ப ஒம்பதே இருக்கட்டுங்க" என்று பெரிய மனதோடு உட்கார்ந்தான்.

பாடம் முடிந்ததும் இன்ஸ்பெக்டரிடம், பிள்ளைகள் வெளியே போனது என் பிழை என்று இங்கிலீஷில் ஒப்புக்கொண்டேன். அவர் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார். நாற்பது பிள்ளைகள் சத்தமில்லாமல் போய், பாடத்துக்கு வேண்டிய பொருளை ஆளுக்கொன்றாகக் கொண்டு திரும்பியதை இந்த மாகாணத்தில் எங்கும் பார்த்ததில்லையாம். மறுபடியும் மறுத்தேன். போதும் என்று மாஸ்டர் என் கோட்டை இழுத்தார். "ஐயா, காணும். பாஸ் எண்டு எழுதுறார்."

சர்ட்டிபிகேட் கொடுக்கும் விழா பதுளையில் நடந்தது. காசிம் நானா கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். என் சட்டைப்பையில் தம்பியின் புதுக் கடிதம்: அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று, அண்ணன் பேரைச் சொல்லித்தான் வாசல் கதவு வைத்தோம், எப்போது வருகிறாய்? பள்ளி விடுமுறைக்கு ஒரு மாதம் வருகிறேன் என்ற என் பதில், தபாலில் போடாமல் அதற்குப் பக்கத்திலேயே இருந்தது.

மேடையில் என் பேரை வாசித்தார்கள். ஆயிரக்கணக்கான விடியல்களில் பேர் வாசித்திருக்கிறேன். இந்த நாட்டில் ஒருவர் என் பேரை வாசித்து நான் கேட்டது அன்றுதான். எழுந்து நின்றேன். முகம் மேடையைப் பார்த்தது, கால் வாசலைப் பார்த்தது. முன்வரிசையில் மாஸ்டர் கையசைத்து, வாங்கோ வாங்கோ என்கிறார். எனக்கானால், "எந்த மலைக்குங்க?" என்று கேட்கத்தான் வாய் வந்தது.