ரசமட்டம் கட்டிய கண்ணாடி ரூம்

எங்கள் பட்டறையில் அவனுக்கு ரசமட்டம் என்று பெயர். ஒரு ஜன்னல் சட்டத்தை நிறுத்தினால் நாலு தரம் மட்டம் பார்ப்பான். பார்த்துவிட்டு, “எதுக்கும் இன்னொரு தரம்” என்று ஐந்தாவது தரமும் பார்ப்பான். சாப்பிடுகிற மேசை லேசாக ஆடினால்கூட, காகிதத்தை மடித்து அதன் காலுக்குக் கீழே சொருகிவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பான். இருபத்திரண்டு வருஷமாக அலுமினியமும் கண்ணாடியும்தான் பிழைப்பு. அடுத்தவன் வீட்டில் அரை நூல் கோணலைக் கண்டுபிடிக்கிற மனுஷனுக்குத் தன் வீட்டுக் கோணல் மட்டும் கடைசிவரை கண்ணில் படவில்லை. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

தன் வீடு என்று சொன்னதே தப்பு. அது அவன் மனைவியின் அண்ணன் வீடு. குடியிருந்த வாடகை வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்று, இரண்டு பெட்டியும் ஒரு மெத்தையுமாகப் புருஷனும் பெண்டாட்டியும் அங்கே வந்தார்கள். “ரெண்டு மாசம்தான் மச்சான்” என்று இவன் சொன்னான். பதினோரு வருஷம் ஓடிவிட்டது.

அந்த வீட்டில் மூன்று ரூம். ஒன்று மச்சானுக்கும் அவர் மனைவிக்கும். இன்னொன்று அவர்கள் மகளுக்கு. மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாலும் அந்த ரூம் அவளுடைய பொம்மைகளோடு பூட்டியே கிடக்கும். மூன்றாவது மச்சானின் ஆபீஸ் ரூம். இவர்களுக்கு ஹால். டிவி அணைந்த பிறகு மெத்தையை விரிக்க வேண்டும். மச்சான் விடியற்காலையில் நடக்கக் கிளம்புவதற்கு முன்னால் சுருட்டிக் கதவுக்குப் பின்னால் நிறுத்திவிட வேண்டும். நடுவில் மச்சான் மனைவி தண்ணீர் குடிக்க வருவாள். வந்தால் சும்மா வருவாளா? பளிச்சென்று லைட்டைப் போட்டு, “தூங்கிட்டீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போவாள்.

அதே மகராசிதான், சொந்தக்காரர்கள் வந்தால், “கல்யாணமாகிப் பதினாலு வருஷம் ஆச்சு, இன்னும் ஒரு விசேஷமும் இல்லை” என்று உச்சுக் கொட்டுவாள். அடிப்பாவி! ஹாலில் படுக்கிறவர்களுக்கு விசேஷம் எங்கிருந்து வரும், கூரியரிலா?

தனியாகப் போய்விடலாம் என்று இவன் சொல்லாமல் இல்லை. மனைவிதான் கேட்கவில்லை. “இது எங்க அப்பா கட்டின வீடு. நான் வெளிய கால் வெச்சா என் பங்கு போச்சு. அண்ணன் அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்காரு” என்பாள். இவன் போய் மெத்தையை விரிப்பான். ஒரு கதவு, அந்தக் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். இதற்கு மேல் இவன் கடவுளிடம் எதுவும் கேட்டதில்லை.

மச்சான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளி நடத்துகிறவர். முப்பது வருஷமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, அடுத்தவனை ஓட்டவிட்டு, தான் பிரேக் மட்டும் போட்டு வாழ்ந்தவர். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னார்:

“மாப்ளே, பின்னாடி அந்த மர டெக் சும்மாதானே கிடக்கு? சுத்திக் கண்ணாடி வெச்சு மேல ஒரு கூரையைப் போட்டா ரூம் ஆயிடும் இல்ல?”

“தாராளமா ஆகும் மச்சான்.”

“அப்போ நீயே பண்ணிடு. எத்தனை நாளைக்குத்தான் ஹால்ல உருளுவீங்க? உங்களுக்குன்னு ஒரு ரூம் வேணாமா?”

இவனுக்குத் தலைகால் புரியவில்லை. சோற்றைப் பாதியில் விட்டுவிட்டு டேப்பை எடுத்துக்கொண்டு பின்பக்கம் ஓடினான். கையைக்கூட ஒழுங்காகக் கழுவவில்லை, மடையன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டார்ச் லைட்டோடு டெக்குக்கு அடியில் தவழ்ந்து போனான். அது நாலு நாற்காலி போட்டுக் காற்று வாங்கக் கட்டிய மேடை. கண்ணாடியின் கனத்தை அது எப்படித் தாங்கும்? ஆறு தூணில் இரண்டு, அடிப்பக்கம் உளுத்துப் போயிருந்தன. வேறொருவனாக இருந்தால் மேலே சட்டத்தை நிறுத்திவிட்டுப் போயிருப்பான். இவன் மச்சானின் பள்ளிக் கார் ஜாக்கியைக் கேட்டு வாங்கி, குறுக்கு விட்டத்தை முட்டுக் கொடுத்துத் தூக்கி, குழி தோண்டி, கான்கிரீட் போட்டு, புதுத் தூண் நிறுத்தினான். மச்சான் மேலே நின்றுகொண்டு, “வலது பக்கம்! இன்னும் வலது! நிறுத்து!” என்று பலகையில் காலை ஓங்கி ஓங்கி மிதித்தார், பிரேக் போடுகிற பழக்கம். மிதிக்கிற மிதிக்கெல்லாம் மண் கொட்டியது, கீழே அண்ணாந்திருந்தவன் கண்ணில்.

பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “யாரு, ஆள் வெச்சுப் பண்றீங்களா?” என்று கேட்டார்.

“ஆள் வெச்சா நேரத்துக்கு டீ கேப்பான், முதுகு வலிக்குதும்பான். இது வீட்டோட மாப்பிள்ளை. ஒண்ணும் கேக்காது” என்றார் மச்சான். கேக்காது! ஆடு மாட்டைச் சொல்வதுபோலச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தார், மச்சான் மனைவி சிரித்தாள். டெக்குக்கு அடியிலிருந்து இவனும் சிரித்தான். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

பதினாலு ஞாயிற்றுக்கிழமை. பலகை இடுக்கு வழியாகக் குளிர் ஏறாமல் இருக்க அடியில் அட்டை அடைத்து, மேலே பிளைவுட் விரித்தான். கூரைக்கு வெளிப்பக்கம் சரிவு கொடுத்தான். கூரையும் பழைய சுவரும் சேருகிற இடத்தில் தகடு வளைத்துச் சொருகினான், ஒரு சொட்டு மழைத் தண்ணீர் உள்ளே வராது. பதம் பண்ணிய கண்ணாடி வந்த பிறகு வெட்ட முடியாது என்பதால் ஒவ்வொரு சட்டத்தையும் மூலைக்கு மூலை அளந்து எழுதினான். சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே ரப்பர் வைத்து, அதன்மேல் சிலிக்கானை ஒரே இழுப்பில் இழுத்தான். ஹால் பக்கம் நகர்த்துகிற கண்ணாடிக் கதவு. அதற்கும் இரட்டைக் கண்ணாடி, நாலு பக்கமும் ரப்பர். முடித்துவிட்டு மனைவியை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினான். தெருச் சத்தம் சட்டென்று நின்றுபோயிற்று.

“உள்ள என்ன பேசினாலும் வெளிய கேக்காது” என்று அவள் காதுக்குள் சொன்னான்.

“சீ, கையை எடுங்க” என்றாள். ஆனால் தள்ளிப் போகவில்லை.

வேலை நடக்கும்போதே ஒரு விஷயத்தில் அவன் விழித்திருக்க வேண்டும். படுக்கிற ரூமாயிற்றே என்று இடுப்பு உயரத்துக்கு மங்கல் கண்ணாடி போட அளவு எடுத்திருந்தான். மச்சான் பார்த்துவிட்டார்.

“இது என்னத்துக்கு? எதை மறைக்கப் போறே?”

“இல்ல மச்சான்... படுக்கிற இடம்...”

“பதினோரு வருஷம் ஹால்ல படுத்தவனுக்கு இப்போதான் வெக்கம் வருதா? எல்லாத்தையும் தெளிவாப் போடு. தோட்டம் தெரியணும்.”

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார் மனுஷன். இவன் திரைச்சீலை போட்டுக்கொள்ளலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டு தெளிந்த கண்ணாடியே போட்டான். ஆனால் தாழ்ப்பாளை விடவில்லை. நல்லதாக, பித்தளையில், கதவின் உள்பக்கம் பொருத்தினான். போட்டுப் போட்டுத் திறந்து பார்த்தான். அது ‘க்ளிக்’ என்று விழுகிற சத்தம் அவனுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

கண்ணாடிக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கண்ணாடியைப் பொருத்திய கையோடு, சுண்ணாம்பைத் தொட்டு மூலைக்கு மூலை பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டுவிடுவார்கள். கண்ணாடி இருப்பது தெரியாமல் யாரும் முட்டிக்கொள்ளக் கூடாது, அதற்காக. போட்டவன் அதை அழிக்க மாட்டான். வீட்டுக்காரர்தான் அழிக்க வேண்டும். அழித்துவிட்டால் வேலையை ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். இவனும் ஒவ்வொரு கண்ணாடியிலும் குறி போட்டுவிட்டு மனைவியிடம் சொன்னான்:

“வீட்டுக்காரங்கதான் இதை அழிக்கணும். நம்ம ரூமு, நீதான் அழிக்கணும்.”

“அழிச்சிட்டாப் போச்சு” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவன் ஒரு வாரம் நினைத்து நினைத்துப் பூரித்துக்கொண்டிருந்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடி போகலாம் என்று பேச்சு. காலையில் பட்டறையிலிருந்து எடுத்து வந்திருந்த ஏணியையும் டிரில்லையும் திருப்பிக் கொடுக்கப் போனான். அங்கே இருந்தவர்கள் விடுவார்களா? “டேய் ரசமட்டம், கட்டில் போட்டா அதையும் மட்டம் பாருடா. ராத்திரி சரிஞ்சிடப் போறீங்க” என்று ஓட்டினார்கள். வாயெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தான். வருகிற வழியில் திரைச்சீலைக்கு நீல நிறத்தில் ஒரு துணி வாங்கிக்கொண்டான்.

ஹாலில் யாரும் இல்லை. மெத்தை கதவுக்குப் பின்னால் நின்றிருந்தது. நல்ல காரியத்தைத் தள்ளிப்போடுவானேன் என்று அதைத் தூக்கி முதுகிலும் தலையிலுமாகச் சாய்த்துக்கொண்டான். பழைய மெத்தை, இரண்டு பக்கமும் தொங்கித் தலையைக் கீழே அழுத்தியது. கீழே தரை மட்டும்தான் தெரிந்தது. போகப் போகக் கண் தானாகக் கதவடியில் குறியைத் தேடியது. குறியின் கால் மூலைவரை வந்திருக்கும், அவனே இழுத்தது. குறி இல்லை. குறி தெரியவில்லை என்றால் கதவு திறந்திருக்கிறது; இருபத்திரண்டு வருஷப் பழக்கம் அப்படித்தான் சொல்லும். வேகமாக நடந்தான்.

படார்!

மூக்கும் நெற்றியும் கண்ணாடியில் மோதி, மெத்தையோடு மல்லாந்து விழுந்தான். கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. பார்த்துப் பார்த்து வாங்கியதாயிற்றே, சுத்தியலுக்கே அசராதது மூக்குக்கா உடையும்? மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. எழுந்து உட்கார்ந்து பார்த்தான்.

கதவு சாத்தியிருந்தது. உள்ளே இரண்டு சாய்வு நாற்காலி. ஒன்றில் மச்சான், ஒன்றில் அவர் மனைவி. சுவர் ஓரமாக, கட்டிலுக்கென்று இவன் அளந்து விட்டிருந்த இடத்தில், மச்சானின் பள்ளிக்குப் பரிசாகக் கிடைத்த கேடயங்கள் அடுக்கிய அலமாரி. ஒரு முக்காலியில் இவன் மனைவி, கையில் டீ, தோளில் ஈரத்துணி. மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மச்சான் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். ஒரு சத்தமும் வெளியே வரவில்லை.

அவள்தான் எழுந்து வந்து தாழ்ப்பாளைத் திறந்தாள். சிரிப்பு குபீரென்று ஹாலுக்குள் வந்தது.

“என்ன மாப்ளே, பிரேக் போட வேணாமா?” என்றார் மச்சான்.

“மச்சான்... ரூமு எங்களுக்குன்னு...”

“யாரு இல்லேன்னா? ஆனா யோசிச்சுப் பாரு. பகல் பூரா இங்க அருமையா வெயில் வருது. நீ பகல்ல பட்டறையில இருக்கே. ராத்திரி தூங்கறதுக்கு எதுக்குய்யா வெயிலு? சும்மா சொல்லக் கூடாது, வேலை பிரமாதம்.”

இவன் மனைவியைப் பார்த்தான்.

“குறியை யாரு அழிச்சா?”

“நான்தான். வீட்டுக்காரங்கதான் அழிக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க? அண்ணன் அழிக்கச் சொன்னாரு.”

“உனக்குத் தெரியுமா, இவங்க இங்க வரப் போறாங்கன்னு?”

“முதல்லயே தெரியும்.”

“ஒரு வார்த்தை சொல்லலையே.”

“சொல்லியிருந்தா நீங்க இவ்வளவு ஒழுங்காப் பண்ணியிருப்பீங்களா?”

கோபமாகச் சொல்லவில்லை. கொடியில் துணி காய்ந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள். மச்சான், “அப்படிக் கேளு! என் தங்கச்சின்னா தங்கச்சிதான்” என்று மறுபடியும் தொடையைத் தட்டினார். அவள் முகத்தில் ஒரு பெருமை வந்தது. பங்கு கிடைக்குமோ இல்லையோ, அந்தப் பாராட்டு கிடைத்துவிட்டது அவளுக்கு. பதினாலு ஞாயிற்றுக்கிழமை மண்ணைத் தின்றவனுக்கு அதுகூட இல்லை.

“ஐயய்யோ, கண்ணாடி பூரா ரத்தம்” என்றாள் மச்சான் மனைவி. “காஞ்சா போகாது.”

மனைவி தோளிலிருந்த துணியை அவன் மடியில் போட்டாள். “துடைச்சிடுங்க. அப்படியே மெத்தையையும் கதவுக்குப் பின்னாடி வெச்சிடுங்க, வழியில கிடக்கு.” உள்ளே போனாள். கதவு நகர்ந்து மூடியது. தாழ்ப்பாள் ‘க்ளிக்’ என்று விழுந்தது.

துணியை வீசிவிட்டுப் போயிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது, பிறகு அவனிடம் சத்தம் போட்டும் தீர்த்திருக்கிறேன். போய் எங்கே படுப்பான்? பதினோரு வருஷம் சுருட்டிச் சுருட்டி, மெத்தையோடு அவனும் சுருண்டு போயிருந்தான். எழுந்து நின்றான். ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் துடைத்தான். நெற்றி பதிந்த இடம், மூக்கு பதிந்த இடம், ரத்தம் வழிந்த கோடு. பழக்க தோஷம், தேய்த்த இடத்தையே மறுபடியும் தேய்த்தான்.

மச்சான் நாற்காலியில் சாய்ந்தபடி விரலை நீட்டி இடது பக்கம் காட்டினார். அவன் இடது பக்கம் துடைத்தான். அவர் மனைவி கீழே காட்டினாள். குனிந்து துடைத்தான். அப்புறம் முக்காலியில் இருந்தவள் எழுந்து கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்தாள். இவன் துணியை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்தான். அவள் வாய் என்னவோ சொன்னது. அவன் கட்டிய ரூம், ஒன்றும் கேட்கவில்லை. அவள் உள்ளிருந்து விரல் நகத்தால் மேலே ஓர் இடத்தைத் தட்டிக் காட்டினாள். அங்கே ஒரு சின்னப் பொட்டு மிச்சம் இருந்தது. எக்கி, அதையும் துடைத்தான்.