பெருங்குடல் கோடும் கல்லுப்பும்

குடல் வயிற்றில்தான் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்த குடும்பம் எங்களுடையது. ஆள்காட்டி விரல் நுனியில் தொடங்கி, முன்கை வழியாக மேலேறி, தோளைத் தொட்டு, மூக்கோரம் போய் நிற்கிற 'பெருங்குடல் மெரிடியன்' என்று அக்குபஞ்சரில் ஒரு கோடு உண்டு என என் வீட்டுக்காரர் முதன்முதலாகச் சொன்னபோது, என் மாமனார் கையிலிருந்த இட்லியைத் தட்டில் வைத்துவிட்டுக் கேட்டார்.

"கொடலுக்குக் கையில என்னடா சோலி?"

நான் சிரித்த சிரிப்பில் எனக்குப் புரையேறிவிட்டது. வீட்டுக்காரர் அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அது ஊருக்கே தெரியும்.

மாமனாருக்குக் குமாரபாளையத்தில் விசைத்தறிப் பட்டறை. மூத்த மகன்கள் தறியோடு நின்றுகொண்டார்கள். இளையவரான என் வீட்டுக்காரர் மட்டும் அக்குபஞ்சர் படித்துவிட்டு, திருச்செங்கோட்டில் எங்கள் வீட்டு முன்னறையில் வைத்தியம் பார்க்கிறார். ஊசிகூடக் கிடையாது, விரலால் தொடுவதுதான். மாமனாருக்கு இது பெரிய வெட்கக்கேடு. இளைய மகன் என்ன செய்கிறான் என்று யாராவது கேட்டால், "ஊட்டுலதான் இருக்கறானுங்க" என்று சொல்லி மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

இத்தனைக்கும் அவருக்குத் தோள்வலி. காலமெல்லாம் தறிக்கு முன்னால் நின்ற உடம்பு. சேலத்துக்குப் போய் டாக்டரைப் பார்ப்பார், தைலம் தேய்ப்பார், முனகுவார். மகன் பக்கத்தில் போய் "பாக்கட்டுங்களாப்பா" என்றால் போதும், "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கறேன்" என்று நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார். ரத்தக் கொதிப்பும் உண்டு. உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார்கள். அந்தக் கோபத்தை எங்கள் வீட்டுக்கு வரும்போது என் சாம்பாரிடம்தான் காட்டுவார்.

ஆக, வீட்டுக்காரருக்கு வாழ்க்கையில் வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அப்பா ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தன் வேலையை வேலை என்று சொல்ல வேண்டும். அதற்கு ஆதாரம் வேண்டும் என்று அவர் நினைத்தார். ஆதாரத்துக்கு மெஷின் வேண்டும். மெஷினுக்கு நான் வேண்டும்.

நான் இன்ஜினியரிங் காலேஜில் எலக்ட்ரானிக்ஸ் பாடம் எடுக்கிறவள். முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்த காலம் அது. இந்தக் கோடுகள் உடம்பில் நிஜமாகவே இருக்கின்றனவா என்று உலகத்தில் பலபேர் தேடிப் பார்த்திருக்கிறார்கள். கோட்டின் மேல் தோலின் மின்தடை குறைவாக இருக்கும் என்பது ஒரு கட்சி. அதெல்லாம் வியர்வையும் ஈரமும் செய்கிற வேலை என்பது எதிர்க்கட்சி. படிக்கப் படிக்க எனக்கு ஆசை வந்துவிட்டது. வழிகாட்டிப் பேராசிரியை அம்மாவும், "செய்யி, ஆனா யோக்கியமா செய்யி" என்று ஒப்புக்கொண்டார்.

முன்கையின் குறுக்கே சின்னச் சின்ன உலோக முனைகளை வைத்து மின்தடையை அளக்கிற கருவி ஒன்றை நானே கட்டினேன். அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள், காலேஜ் பஸ் டிரைவர்கள், ரிக் வண்டியில் போர்வெல் போடப் போய்விட்டு ஊர் திரும்பியவர்கள் என்று கிடைத்தவர்களையெல்லாம் முன்னறையில் உட்கார வைத்தோம். வீட்டுக்காரர் கட்டை விரலால் முன்கையை நீவிக் கோட்டைக் கண்டுபிடிப்பார், பேனாவால் ஓரத்தில் அடையாளம் வைப்பார். பிறகு நான் அளப்பேன்.

அளந்தால், அடேயப்பா! லேப்டாப் திரையில் வரைபடம் நேராக வந்து, சரியாக அவர் நீவிய இடத்தில் தொபுக்கென்று பள்ளத்தில் விழுந்தது. அடுத்த ஆளுக்கும் பள்ளம். அதற்கடுத்த ஆளுக்கும் பள்ளம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வீட்டுக்காரர் திரையைத் தொட்டுக் கும்பிட்டார். நான் ரவா கேசரி கிண்டினேன். அவர் உடனே அப்பாவுக்குப் போன் போட்டார்.

"அப்பா, கோடு கெடச்சிருச்சுங்க! மெஷின்லயே தெரியுதுங்க!"

எதிர்முனையில் மாமனார், "மெஷினே சொல்லிருச்சா?" என்று கேட்டாராம். அவ்வளவுதான். போனை வைத்துவிட்டார். வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தால் தீபாவளிக்குப் புதுச் சட்டை போட்ட பையன் தோற்றான்.

அடுத்த வாரம் மாமனார் பட்டறை வாசலில் பிளெக்ஸ் வைத்தார். 'அக்குபஞ்சர் கோட்டைக் கண்டுபிடித்த எங்கள் இளைய மகனை வாழ்த்துகிறோம்.' நடுவில் ஆளுயரத்துக்கு வீட்டுக்காரர். பக்கத்தில் உடம்பெல்லாம் ஊசி குத்திய யாரோ ஒரு சீனாக்காரர். கீழ் மூலையில், உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி, ஸ்டாம்ப் அளவில் நான். கருவி யாருடையது, ஆராய்ச்சி யாருடையது? கொதித்துப்போனேன். ஆனால் வீட்டுக்காரர் அந்த பிளெக்ஸ் முன்னால் நின்று எடுத்துக்கொண்ட போட்டோவைப் பார்த்ததும் என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. காலேஜில் நான் பேசப்போகிற கருத்தரங்குக்கு ஒறம்பரை சொந்தபந்தத்தையெல்லாம் வேன் வைத்துக் கூட்டிவருவதாக மாமனார் சொல்லியனுப்பினார்.

பேராசிரியை அம்மா மட்டும் கேசரியைச் சாப்பிட்டுவிட்டுக் கேட்டார். "கோடு போடறது எப்பவும் உன் வீட்டுக்காரர்தானா? ஒருநாள் நீ போட்டுப் பாரேன்."

எருமப்பட்டியில் ஒரு கல்யாணத்துக்கு அவர் போயிருந்த அன்றைக்கு நானே படத்தைப் பார்த்துப் பார்த்துக் கோடு போட்டு அளந்தேன். ஒரு பள்ளமும் இல்லை. வரைபடம் ஜேடர்பாளையத்தில் அணை கட்டிய தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது. மறுநாள் அவர் வந்து அதே ஆட்களை நீவினார். பள்ளம்! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இந்த மனுசன் கையில் என்னவோ இருக்கிறது, இத்தனை நாள் தெரியாமல் திட்டிவிட்டோமே என்று அன்றைக்கு அவருக்கு இரண்டு முட்டை தோசை ஊற்றினேன்.

அவர் கையில் என்னவோ இருந்தது, உண்மைதான்.

முன்னறை மூலையில் ஒரு குண்டா இருக்கும். அதில் கல்லுப்புக் கரைத்த தண்ணீர். ஒருவரைத் தொட்டு முடித்தால், அவருடைய நோவு தன்மேல் ஒட்டாமல் இருக்க அதில் கையை முக்கி எடுத்துவிட்டுத்தான் அடுத்தவரைத் தொடுவார். துண்டில் துடைக்க மாட்டார், துடைத்தால் பலன் போய்விடுமாம். எங்கள் பக்கத்தில் திருஷ்டிக்கு உப்புச் சுற்றிப் போடாத வீடு உண்டா? அதனால் நானும் அந்தக் குண்டாவை ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை. தோசையைத் தின்றுவிட்டுப் போய் அவர் அதில் கையை முக்கியபோதுதான், சொட்டச் சொட்ட வந்த அந்தக் கட்டை விரலை முதன்முதலாகப் பார்த்தேன்.

"ஏனுங்க, என்ற கையில ஒருக்கா நீவுங்க" என்றேன்.

நீவினார். ஈரம் காய்ந்ததும் நாக்கை நீட்டி நக்கினேன். கரித்தது. வியர்வையும் கரிக்குமே என்று அடுத்த கையையும் நக்கிப் பார்த்தேன். ஆராய்ச்சி என்றால் ஒப்பிட வேண்டாமா? அந்தக் கையில் ஒன்றும் இல்லை. காத்திருந்த பஸ் டிரைவர் எழுந்து, "அப்பறமா வாரேனுங்க" என்று போய்விட்டார்.

உப்புத் தண்ணீரில் மின்சாரம் சுலபமாகப் போகும் என்பதை வருசா வருசம் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறவள் நான்! சந்தேகம் தீரட்டும் என்று, உப்புத் தண்ணீரைத் தொட்டு என் முன்கையில் திருச்செங்கோட்டிலிருந்து ஈரோடு போகிற பஸ் ரூட்டை வளைவுகளோடு வரைந்தேன். கருவி ஒரு ஸ்டாப் விடாமல் காட்டியது.

சிரிக்க ஆரம்பித்தேன். தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. அவர் திரையைப் பார்க்கவில்லை, செல்போனில் அந்த பிளெக்ஸ் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பாகிட்ட என்னன்னு சொல்றது?" என்றார்.

கருத்தரங்கைத் தள்ளிப்போடலாமா என்று பேராசிரியை அம்மாவிடம் கேட்டேன். "எதுக்கு? இதையே பேசு. தப்பு எப்படி நடந்துச்சுன்னு கண்டுபிடிச்சிருக்கியே, அதுவும் ஆராய்ச்சிதான்" என்றார். வீட்டுக்காரர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு வந்து, "எல்லாத்தையும் கூப்புடு. துடைச்ச கையோட ஒருக்கா நீவறேன்" என்றார். நீவினார். பள்ளம் இல்லை. யாருக்கும் இல்லை.

"நீயே சபையில சொல்லிரு. நான் முன்னாடி வரிசையில உக்காந்துக்கறேன்" என்றார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கட்டிக்கொண்டேன்.

கருத்தரங்கன்று வேன் வந்தது. வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக மாமனார் முன் வரிசையில், மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் எதையும் மறைக்காமல் சொன்னேன். கோட்டைச் சொன்னேன், கேசரியைச் சொன்னேன், குண்டாவைச் சொன்னேன், நக்கியதையும் சொன்னேன். பஸ் ரூட் படத்தைத் திரையில் போட்டதும் அரங்கமே குலுங்கிச் சிரித்தது. "என் கருவியில் கோடு தெரியவில்லை. தெரிந்தது உப்பு" என்று முடித்தேன். வீட்டுக்காரர் எழுந்து நின்று, "உப்பு என்னோடதுங்க" என்றார். கைதட்டல் ஓயவே இல்லை. மாமனார் மட்டும் தட்டவில்லை. துண்டை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் டீக்குப் போன பிறகும் அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. போச்சு, இன்றைக்கு வகையாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று நினைத்தேன்.

"டேய், இங்க வா சாமி" என்று மகனைக் கூப்பிட்டார். சட்டையின் மேல் பித்தானைக் கழற்றினார். "தோளு காலைல இருந்து இழுத்துப் புடிக்குது. என்னன்னு பாரு."

வீட்டுக்காரர் அப்பா முன்னால் போய் நின்றார். "அதான் கோடே இல்லீன்னு சொல்லிட்டாளுங்களேப்பா..."

"கோடு இல்லீன்னா போச்சாது, போகட்டும். தோளு இருக்குதல்லோ?"

வீட்டுக்காரர் சட்டென்று கதவுப் பக்கம் திரும்பினார். கை கழுவத்தான் போகிறார் என்று நினைத்துக்கொண்டு மாமனார் பின்னாலேயே சத்தம் போட்டார்.

"டேய், உப்புத்தண்ணியக் கிப்புத்தண்ணியக் கொண்டாந்துராத. டாக்டரு எனக்கு உப்பே ஆகாதுன்னு சொல்லிப்போட்டாரு!"

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். வீட்டுக்காரர் கழுவப் போகவில்லை. எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, கட்டை விரலால் கண்ணை அழுத்தித் துடைத்தார். திரும்பி வந்து, அதே விரலை அப்பாவின் தோளில் வைத்தார். உப்புத்தான். பார்த்தேன், ஆனால் அன்றைக்கு மட்டும் நான் வாயைத் திறக்கவில்லை.